அப்பா அம்மாக்களுக்கு: கூத்து, ராட்டினம், அப்புறம் ஜிடிபி

அன்புள்ள அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம், எச்.எம். டீச்சர் எழுதறேன். வழக்கமா நான் அனுப்பறது ரெண்டு வரிதான், நாளைக்கு லீவு, இல்லன்னா ஆதார் ஜெராக்ஸ் கொண்டாங்க. இந்த வாட்டி கொஞ்சம் நீளம், ராத்திரி வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து படிங்க.

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற வாரத்துல சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நம்ம கிரவுண்டுல ஒரு கலை விழா வைக்கப்போறோம், காசுக் கணக்குல வராத விஷயங்களைப் பத்தி. ஆண்டு விழா மாதிரி இல்ல, அதனால வாடகை டிரஸ், மேக்கப் செலவுன்னு யாரும் கடன் வாங்காதீங்க. பேரு இன்னும் வைக்கல, பசங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்றோம்னு சொல்லிட்டாங்க, மூணு நாளா சண்டை நடக்குது.

இது எங்கேந்து வந்துச்சுன்னா பத்தாங்கிளாஸ் சோசியல் பீரியட்லேந்து. பொருளியல் மொத பாடமே ஜிடிபி, அதாவது நாட்டுல ஒரு வருஷத்துல உற்பத்தியாகி விலைக்குப் போற சரக்கு, சேவை எல்லாத்தோட மொத்த மதிப்பு. டீச்சர் நடத்திக்கிட்டு இருக்கும்போது ஒரு பையன் எழுந்து கேட்டிருக்கான், மிஸ், எங்க தாத்தா கிணத்துல தண்ணி சேந்திக் குடிச்சாரே அது இந்தக் கணக்குல வருமான்னு. வராதுப்பா, காசு கைமாறலையே. அப்ப இப்ப நாங்க கேன் தண்ணி வாங்கறது? அது வரும். அப்படின்னா கிணறு கெட்டுப்போனதால நாடு வளந்துச்சா மிஸ்னு கேட்டுட்டு உக்காந்துட்டானாம். டீச்சர் நேரா என் ரூமுக்கு வந்துட்டாங்க. 24 வருஷ சர்வீஸ்ல எனக்கும் பதில் தெரியாத கேள்வி நிறைய வந்திருக்கு, ஆனா இது என்னை ரெண்டு நாள் தூங்க விடல.

ஏன்னா நான் பொறந்தது பாலாத்தங்கரை. எங்கப்பா தோல் கம்பெனில வேலை பாத்தவர், அந்தச் சம்பளத்துலதான் நான் பி.எட். வரைக்கும் படிச்சேன், கூரை வீடு ஓட்டு வீடாச்சு, அதை மறைச்சுட்டுப் பேசினா நன்றி கெட்டவ ஆயிடுவேன். ஆனா அதே வருஷங்கள்லதான் எங்க கொல்லைக் கிணத்துத் தண்ணி கரிக்க ஆரம்பிச்சுது, பருப்பு வேகல, தென்னை ஒவ்வொண்ணா குருத்து காஞ்சு மொட்டையா நின்னுச்சு. அம்மா கம்பெனியத் திட்டுவாங்க, அப்பா தட்டுல கையை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பேசமாட்டாரு. நம்ம வேலூர்க்காரங்க போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, மாசு பண்ணவன்தான் நஷ்டத்தைக் கட்டணும்னு. நாடு முழுக்க சட்டக் காலேஜ்ல அதைப் படிக்கறாங்க. அந்தத் தீர்ப்புலயே எழுதியிருக்கு, தோல் தொழில் நடக்கற பகுதில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசாவோ விவசாயத்துக்கு ஆகாமப் போச்சுன்னு. ஏக்கர்ல சொன்னா 86 ஆயிரத்துக்கு மேல. தோல் ஏற்றுமதியில வந்த டாலர் எல்லாம் கணக்குல ஏறிச்சு, அந்த நிலத்தை மட்டும் எவனும் கழிக்கவே இல்ல.

ஜிடிபி கணக்கை உருவாக்கினவரு சைமன் குஸ்நெட்ஸ்னு பசங்க புக்லயே இருக்கு, 1934ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அவர் குடுத்த அறிக்கைலயே, வருமானத்தை வெச்சு ஒரு நாட்டு ஜனங்க நல்லா இருக்காங்களா இல்லையான்னு முடிவு பண்ண முடியாதுன்னு எச்சரிச்சாரு. கண்டுபிடிச்சவரே சொன்னதை நாமதான் வசதியா மறந்துட்டோம். பூடான்ல மொத்த நாட்டு மகிழ்ச்சின்னு வேற அளவுகோல் வெச்சிருக்காங்க, அதுவும் அதே பாடத்துல இருக்கு. ஐரோப்பா பக்கம் இப்ப வளர்ச்சியே கொஞ்சம் குறையட்டும்னு ஒரு கூட்டம் பேசுது, 2008ல பாரிஸ்ல அதுக்குன்னே மாநாடு போட்டாங்க. நமக்கு அவ்ளோ தூரம் போகத் தேவையில்ல. ஜே.சி. குமரப்பான்னு ஒருத்தர், 1892ல தஞ்சாவூர்ல பொறந்து லண்டன்ல ஆடிட்டருக்குப் படிச்சுட்டு காந்திகிட்ட வந்து சேந்தவர், ஜெயில்ல உக்காந்து இதைத்தான் எழுதினாரு. தேனீ தனக்குத் தேன் எடுக்கும்போதே பூவுக்கும் காய் பிடிக்க வைக்குது, மனுசன் சம்பாத்தியமும் அப்படி இருக்கலாமேன்னு. ஆறாங்கிளாஸ் பசங்க அந்தத் தேனீயத்தான் இப்ப களிமண்ணுல செஞ்சுக்கிட்டு இருக்காங்க, பாதி தேனீ ஈ மாதிரி இருக்கு, பரவாயில்ல.

சரி, விழாவுக்கு வர்றேன். சனிக்கிழமை ராத்திரி தெருக்கூத்து, அதான் முக்கியம். பழைய வடாற்காடே கூத்து ஊருதானே, புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025ல பத்மஸ்ரீ குடுத்தப்ப நம்ம அசெம்பிளில பசங்க கை தட்டினது ஞாபகம் இருக்கும். ஆரணி பக்கத்துலேந்து ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, வர்றாங்க. கிருஷ்ணன் தூது போற கட்டம். பாதி நாடு கேட்டாங்க, அஞ்சு ஊர் கேட்டாங்க, கடைசியா அஞ்சு வீடாவது குடுன்னு கேட்டாங்க, துரியோதனன் ஊசி முனை நிலம் கூடக் கிடையாதுன்னான். கஜானா நெறஞ்சு வழியுது, அவனுக்குப் போதல. இந்த இடத்துல கட்டியங்காரன், அதான் கூத்துல கதை சொல்லி சிரிக்க வைக்கறவன், பேசறதுக்கு நம்ம ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுங்க வசனம் எழுதியிருக்காங்க, கூத்து வாத்தியார் படிச்சுட்டு சிரிச்சு சிரிச்சு அப்படியே சேத்துக்கறேன்னுட்டாரு, அதுல ஹெட்மிஸ்ட்ரஸைக் கிண்டல் பண்ற ரெண்டு வரியும் இருக்கு, பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டேன்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஜமாவுக்கு நாம முழு கூலி குடுக்கறோம். காசு மட்டும் முக்கியமில்லன்னு விழா நடத்திட்டு, விடிய விடிய ஆடறவங்களுக்கு ஒரு துண்டைப் போத்தி அனுப்பறது எனக்கு ஒத்துக்காது. ஸ்கூல்ல காசு வசூல் பண்ணக்கூடாது, நான் பண்ணவும் மாட்டேன், அதனால ஊர்ப் பெரியவங்களே திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்குப் பண்ற மாதிரி தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு பாத்துக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. முடியாதவங்க ஒரு படி அரிசி குடுத்தாப் போதும், அதுவும் முடியாதவங்க வந்து பாய் விரிங்க. பெரிய ஆளு ஒருத்தர் மொத்தச் செலவும் நான் ஏத்துக்கறேன், வாசல்ல என் ஃபிளெக்ஸ் மட்டும் வைங்கன்னாரு. வேணாம்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க பசங்க ராஜ்யம். ஏழாங்கிளாஸ் பசங்க ஒரு ரயில் நாடகம் போடறாங்க, 2019 ஜூலைல ஜோலார்பேட்டைலேந்து சென்னைக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி போச்சே, அந்த ரயில். நம்ம மாவட்டமே காஞ்சு கெடந்த வருஷம் அது. எட்டாங்கிளாஸ் நாகநதி. கணியம்பாடி பக்கம் நம்ம பொம்பளைங்க நூறு நாள் வேலைல உறை கிணறு மாதிரி வட்டம் வட்டமா எறக்கி, மழைத்தண்ணிய பூமிக்குள்ள அனுப்பி ஆத்துக்கு உசுரு குடுத்தாங்கல்ல, அந்த வேலைக்குப் போன அம்மாங்க நம்ம ஸ்கூல்லயே நாலு பேர் இருக்கீங்க, உங்களைத்தான் பசங்க மேடைல உக்கார வெச்சு பேட்டி எடுக்கப்போறாங்க. எனக்குப் பேச வராது டீச்சர்னு இப்பவே ஃபோன் பண்ணாதீங்க, மண்ணு எந்த ஆழத்துல ஈரமா வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது.

அப்புறம் வேப்பமரத்தடில ரிப்பேர் மூலை. மிக்ஸி, ஃபேன், சைக்கிள், கிழிஞ்ச புக் பை எதுவா இருந்தாலும் கொண்டாங்க, வேலை தெரிஞ்ச அப்பாங்க பசங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சரி பண்ணித் தருவாங்க, காசு கிடையாது, பதிலுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஒரு மணி நேரம் செஞ்சு குடுக்கணும். நடவுக்கு ஆள் மாத்தி ஆள் போவோமே, அதே கணக்கு. சின்னதாப் போன யூனிஃபார்ம், பழைய கைடு, வீட்டு விதை எல்லாம் மாத்திக்க ஒரு பந்தல். சாப்பாடு கேவுரு களி, கீரைக் கடைசல், இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா காரக்குழம்பு. 2023ல புவிசார் குறியீடு வாங்கின கத்திரிக்கா அது, ஆனா சமைக்கறவங்க முள்ளு பாத்துக் காம்பு கிள்ளுங்க.

போன வாரம் ஒரு அப்பா கூப்பிட்டாரு. இன்னா டீச்சர், நானே பையன் ஒரு கம்பெனி வேலைக்குப் போயி தலையெடுக்கணும்னு கஷ்டப்பட்டுக்கினு கீறேன், நீங்க வளர்ச்சி வேணாம்னு சொல்லிக் குடுக்கறீங்களாமேன்னு. கோவத்துல கேட்டாலும் நியாயமாத்தான் கேட்டாரு. அவர்கிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். போதும்னு சொல்ல மொதல்ல இருக்கணும், ஒழுகற வீட்ல இருக்கறவங்ககிட்ட போயி ஆசையக் கொறைங்கன்னு சொல்றது திமிரு. நம்ம பசங்க பாதிப் பேரோட அம்மா ஷூ கம்பெனி பஸ்லதான் காலைல ஏறிப் போறாங்க, அந்த பஸ் நின்னா அடுப்பு எரியாது. வேலைக்குப் போகாதேன்னு இங்க யாரும் சொல்லல. எந்தக் கணக்குல நம்ம கிணறு விட்டுப்போச்சு, யாரு லாபத்தை எடுத்துக்கிட்டுப் போனா, யாரு கேன் தூக்கறாங்கன்னு அவன் கேக்கத் தெரிஞ்சுக்கிட்டு வேலைக்குப் போகட்டும். அவரு ம்னாரு, ஒத்துக்கிட்டாரான்னு தெரியல, ஆனா ரிப்பேர் மூலைக்கு வெல்டிங் மிஷின் கொண்டாறேன்னு சொல்லியிருக்காரு.

இனி வேலைப் பேச்சு. ஒவ்வொருத்தரும் தட்டு, டம்ளர் வீட்லேந்து கொண்டாங்க, பேப்பர் பிளேட் வாங்கப்போறதில்ல. ராத்திரி கூத்துக்கு வர்ற சின்னக் குழந்தைங்களுக்கு போர்வை கட்டாயம், தை மாசப் பனி. பத்தாங்கிளாஸ் பசங்க ரிவிஷன் எக்ஸாம் இதனால தள்ளிப் போகாது, அந்தப் பேச்சே வேணாம்.

கடைசியா ஒண்ணு. ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கற பழைய கிணத்தைத் தூர் வாரி கம்பி வலை போட்டிருக்கோம், போன மழைல ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்குது. குடிக்க ஆகுமான்னு லேபுக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் வாய் வைக்கக்கூடாது. ஆனா ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாரும், டீச்சருங்க பக்கத்துல நிக்க, வரிசையா ஆளுக்கு ஒரு தடவை சேந்திப் பாக்கணும்னு கேக்கறாங்க, நம்ம ஸ்கூல்ல ஒரு பிள்ளை கூட இதுவரைக்கும் கிணத்துல தண்ணி சேந்தினது இல்லையாம். ராட்டினம் எங்கம்மா வீட்டுப் பரண்ல இருக்கு, நான் கொண்டாறேன். நல்ல கயிறு யார் வீட்லயாச்சும் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்து அனுப்புங்க, நைலான் வேணாம், கை அறுத்துடும்.

இப்படிக்கு,
உங்க எச்.எம். டீச்சர்