டேபிள் போடறதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்ட பாரும்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியாம்மா, டெல்லி குளிரு ஒத்துக்குதா. தவறி விழுறது, ரோட் ஆக்சிடென்ட், பாம்புக்கடி, தீக்காயம், தண்ணில மூழ்குறதுன்னு இதுல எல்லாம் நாடு முழுக்க எத்தன பேர் ஆஸ்பத்திரில சேர்றாங்க, எத்தன பேர் சாகறாங்கன்னு தொகுக்குற வேலைய உங்கிட்ட குடுத்திருக்காங்கன்னு சொன்னியே, அதுல இருந்து மனசு அங்கயே நிக்குது. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல உக்காந்து இதே காகிதங்கள தான் பார்த்திருக்கேன். போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதுறேன்.

சாவு கணக்கு ஏதோ ஒரு வகைல கெடைச்சிடும். என்.சி.ஆர்.பி.ங்கற தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்கு 4,30,504 பேர் விபத்துல செத்ததா போட்டிருக்கு, இடி வெள்ளம் எல்லாம் சேத்து. ஆனா அது போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து மேல போற கணக்கும்மா. ஸ்டேஷனுக்கு போகாத சாவு அதுல இல்ல. அட்மிஷன் கணக்கு அதவிட மோசம், கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஒரு மாதிரி, பிரைவேட் ஒரு மாதிரி, ஒண்ணா சேத்து வெச்ச எடமே கெடையாது.

ரோட் ஆக்சிடென்ட் கொஞ்சம் பரவால்ல. கேஷுவாலிட்டிக்கு வந்த உடனே ஏ.ஆர்.னு விபத்துப் பதிவு போடுவாங்க, போலீசுக்கு தகவல் போகும், இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். வேணும்னு குடும்பமே அலையும், அதனால ஏதாவது ஒரு எடத்துல பதிவாயிடும். அப்படி இருந்தும் 2016-ல கவர்மென்ட் சொன்னது 1,50,785 சாவு, உலக சுகாதார நிறுவனம் கணிச்சது 2,99,091. கிட்டத்தட்ட டபுள், பாரு. 2022-ல 1,68,491 பேர், அதுல ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029, இத படிச்சப்ப எனக்கு கை நடுங்குச்சு. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கைல நம்ம தமிழ்நாடு தான் முதல், 64,105. நம்ம ஊர்ல 2021 டிசம்பர்ல இருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்குல்ல, முதல் 48 மணி நேர செலவ கவர்மென்ட் குடுக்கறதால பிரைவேட்ல சேந்தவங்க கேஸும் பில்லோட வந்து சேருது. அந்த டேட்டாவ கேட்டு வாங்க முடியுமான்னு உங்க மேடம்கிட்ட கேளு.

நான் முக்கியமா சொல்ல வந்தது தவறி விழுற வயசானவங்கள பத்தி. ஒரு பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு வருவாங்க. கேஸ் ஷீட்ல எந்த எலும்பு, வலதா இடதா, பிளேட் போடணுமா எல்லாம் தெளிவா இருக்கும், எப்படி விழுந்தாங்கங்கற எடத்துல "கீழே விழுந்தார்"னு ரெண்டே வார்த்தை. நோய்க்கும் காயத்துக்கும் உலகம் முழுக்க போடற ஐ.சி.டி. கோடுல எலும்புக்கு எஸ்72 போட்டுடலாம். வழுக்கி விழுந்தா டபிள்யூ01, கட்டில்ல இருந்துன்னா டபிள்யூ06, படிக்கட்டுன்னா டபிள்யூ10, இது எதுவும் எழுதலன்னா டபிள்யூ19 போட்டு மூடிட வேண்டியதுதான், இல்லன்னா அந்த கட்டமே காலியா போயிடும். அப்புறம் பாட்டிய வீட்டுக்கு கூட்டிட்டு போவாங்க, படுத்த படுக்கையா கெடந்து சளி கட்டி போய் சேந்துடுவாங்க, வி.ஏ.ஓ. கிட்ட வயசாகி செத்தாங்கன்னு பதிவாகும். நாட்டுல பதிவாகற சாவுல டாக்டர் காரணம் எழுதி குடுக்கறதே 2020-ல 22.5 சதவீதம் தான். ஈரத் தரை கொன்ன பாட்டி உன் டேபிள்ல எங்கயும் வரமாட்டாங்கம்மா. பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வெச்சா போதும்னு எந்த ஆபீசருக்கும் அப்புறம் எப்படி தோணும் சொல்லு.

பாம்புக்கடியும் இப்படித்தான், வீடு வீடா போய் விசாரிச்சு கணக்கு பார்த்தப்ப வருஷத்துக்கு சராசரியா 58,000 சாவுன்னு வந்துச்சு, போலீஸ் கணக்கு அது பக்கத்துலயே வராது. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல அத கட்டாயமா ரிப்போர்ட் பண்ணணும்னு கொண்டு வந்துட்டாங்க, நல்ல காரியம், இனிமே வர்ற நம்பர் கூடுனா பாம்பு கூடிடுச்சுன்னு யாரும் எழுதிடாம நீ பாத்துக்கோ.

தீக்காயம் மட்டும் ஜாக்கிரதையா கையாளு. "ஸ்டவ் வெடிச்சிருச்சு"ன்னு ஒரு சின்ன பொண்ணு சொல்லும்போது மாமியார் வீட்டு ஆளுங்க கட்டில் பக்கத்துலயே நிப்பாங்க. அது விபத்துன்னு கணக்குல ஏறிடும். கல்யாண வயசு பொண்ணுங்க எண்ணிக்கை தனியா தூக்கலா தெரிஞ்சா அத மொத்தத்துல கரைச்சிடாத, தனி வரியா போடு, கீழ ஒரு குறிப்பும் எழுது.

மேடம்கிட்ட தைரியமா பேசு. எத்தன பேர்ங்கற கட்டத்துக்கு பக்கத்துல எப்படி, எங்கன்னு இன்னும் ரெண்டு கட்டம் வேணும்னு கேளு, காலியா வந்த கட்டம் எத்தனன்னும் ரிப்போர்ட்ல அச்சாகணும். வார்டுல கேஸ் ஷீட் எழுதற பசங்களுக்கு கூடுதலா ஒரு வரி எழுத அஞ்சு செகண்ட் ஆகாது, கேக்க ஆள் இல்லாததால தான் எழுதறதில்ல. உங்க ஃபார்ம் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு, எந்த எடத்துல சிக்கும்னு நான் பாத்து சொல்றேன்.

உன்
அப்பா