பத்துக் கஞ்சாப் பங்கு வாங்கினால் ரிஸ்க் பிரிந்துவிடாது: கனடாவின் தமிழ் முதலீட்டு ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆலோசகர்களே,

மண்டபம் எடுத்துக் கருத்தரங்கு வைப்பவர்கள், யூடியூபில் பேசுபவர்கள், வாட்ஸ்அப் குழு நடத்துபவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ரொறன்ரோவில் நம்மவர்களுக்கு வருமான வரி செய்துகொடுப்பது என் தொழில். பெப்ரவரி, மார்ச் வந்தால் சனத்தின் முதலீட்டுக் கணக்குகளும் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றில் கஞ்சாப் பங்குகள் கிடக்கிற விதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தொழிலில் காசு போடலாமா கூடாதா என்று வாதாட நான் வரவில்லை. 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் இது சட்டபூர்வமான தொழில். சாராயக் கம்பனியின் பங்கை வாங்குகிறவர் இதையும் வாங்கலாம், மனம் ஒப்பாதவர் விடலாம். என் முறைப்பாடு நீங்கள் அதோடு சேர்த்துச் சொல்லும் அறிவுரையைப் பற்றியது. "ஒன்றிலேயே போடாதீர்கள், ஐந்தாறாகப் பிரித்துப் போடுங்கள், ரிஸ்க் குறையும்" என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வந்தவர்களின் கணக்கில் நான் காண்பது கனோபி குரோத், அரோரா, டில்ரே, குரோனோஸ் என்ற நாலு கஞ்சாக் கம்பனிகள், அதற்கு மேல் இதே நாலையும் பெரும் பங்காக வைத்திருக்கும் ஒரு ஈ.ரி.எஃப்., அதாவது பல பங்குகளை ஒரே பொதியாகக் கட்டிச் சந்தையில் விற்கும் நிதி. பெயர் ஐந்து, பந்தயம் ஒன்று.

2021 பெப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஜோர்ஜியாத் தேர்தலுக்குப் பிறகு அமெரிக்க செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. கூட்டாட்சித் தடை நீங்கிவிடும் என்ற நம்பிக்கையில் கஞ்சாப் பங்குகள் ஏறின, ரெடிட்டில் கூடியவர்கள் மிச்சத்தையும் ஏற்றிவிட்டார்கள். பெப்ரவரி 11 அன்று டில்ரே ஒரே நாளில் ஏறக்குறையப் பாதி விலையை இழந்தது. அன்றைக்கே அஃப்ரியா, அரோரா, கனோபி, குரோனோஸ் எல்லாம் கூடவே விழுந்தன. ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தவருக்கு அன்று என்ன பாதுகாப்பு கிடைத்தது?

இவை சேர்ந்து விழுவது தற்செயல் இல்லை. எல்லாரும் ஒரே பூவை, ஒரே சட்டத்தின் கீழ், ஒரே ஆளிடம் விற்கிறார்கள். ஒன்ராறியோவில் சில்லறைக் கடைகளுக்கு மொத்தமாக விற்பது மாகாண அரசின் ஒன்ராறியோ கனபிஸ் ஸ்டோர் மட்டும்தான். கஞ்சா சட்டபூர்வமாகி ஆறு மாதம் வரை இந்த மாகாணத்தில் ஒரு கடைகூட இல்லை. 2019 ஏப்ரலில்தான் கடைகள் திறந்தன, அதுவும் முதற்கட்டமாக 25 பேருக்குக் குலுக்கல் முறையில். அதற்குள் கண்ணாடிக் கூடங்களை ஏக்கர் கணக்கில் கட்டி முடித்துவிட்டார்கள். பூ குவிந்தது, விலை இறங்கியது.

அப்புறம் வரி. பெரும்பாலான மாகாணங்களில் கலால் வரி கிராமுக்கு ஒரு டொலர், அல்லது விலையில் 10 சதவீதம், எது கூடவோ அது. கிராம் பத்து டொலர் விற்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு. ஒரு 3.5 கிராம் பொதியை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கலால் முத்திரை ஒட்டியிருக்கும், மாகாணத்துக்கு ஒரு நிறம். அந்த முத்திரைக்குப் பின்னால் குறைந்தது மூன்றரை டொலர் வரி இருக்கிறது. உற்பத்தியாளர் அந்தப் பொதியைப் பத்து டொலருக்கு மொத்த விலையில் கொடுத்தால் அவருக்கு மிஞ்சுவது ஆறரை. விளைவித்த செலவு, பொதி செய்த செலவு, ஆள் கூலி எல்லாம் அதற்குள். விலை இன்னும் இறங்கினாலும் அந்த மூன்றரை இறங்காது. இந்தச் சுமை டில்ரேக்கு ஒன்று, அரோராவுக்கு வேறு ஒன்று இல்லை.

லாபம் வராத கம்பனி எங்கிருந்து காசு எடுக்கும்? புதிய பங்குகளை அச்சடித்து விற்கும். விலை ஒரு டொலரை நெருங்கும்போது, நியூயோர்க் சந்தைகள் பட்டியலிலிருந்து தூக்கிவிடும் என்ற பயத்தில் பழைய பங்குகளை ஒன்றாகச் சேர்க்கும். அரோரா 2020 மே மாதம் பன்னிரண்டு பங்கை ஒன்றாக்கியது, 2024 பெப்ரவரியில் பத்தை ஒன்றாக்கியது. 2018-ல் 1,200 பங்கு வாங்கி வைத்தவரின் கணக்கில் அது 100 ஆகி, பிறகு 10 ஆகி நிற்கிறது. "வங்கி என் பங்குகளைத் தவறவிட்டுவிட்டது, எடுத்துத் தாங்கோ" என்று அந்தத் தாளை நீட்டியவர்கள் உண்டு. பங்கு சேர்க்கப்படும்போது ஒரு பங்கின் விலையும் அதே அளவு உயரும், அந்த நாளில் யாருக்கும் நட்டமில்லை, நட்டம் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது. கனோபியும் 2023 டிசம்பரில் பத்தை ஒன்றாக்கியது. உங்கள் கருத்தரங்குகளில் இந்தப் பேச்சு ஏன் வருவதே இல்லை?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிரித்துப் போடுவதால் பயனே இல்லை என்பதல்ல. கான்ட்ரஸ்ட் என்ற கம்பனி ஒன்ராறியோவின் பெலம் நகரில் அனுமதியில்லாத ஐந்து அறைகளில் கஞ்சா வளர்த்ததை 2019-ல் மத்திய சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா கண்டுபிடித்தது. உரிமம் முடக்கப்பட்டது, 2020 மார்ச்சில் கம்பனி கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. அதிலேயே முழுக் காசையும் போட்டவர் அழிந்தார், ஐந்தில் ஒரு பங்கு போட்டவர் தப்பினார். தனி ஒரு கம்பனியின் களவுக்கும் கவனக்குறைவுக்கும் அது மருந்து. தொழில் முழுவதற்கும் பொதுவான நோய்க்கு மருந்தல்ல. பெரிய கைகளுக்கே அந்த நோய் பிடித்தது. கொரோனா பியரை அமெரிக்காவில் விற்கும் கான்ஸ்டலேஷன் 2018-ல் கனோபியில் 500 கோடி கனடிய டொலர் போட்டது, மால்பரோ சிகரெட்டின் அல்ட்ரியா குரோனோஸில் 240 கோடி போட்டது. இரண்டும் பின்னர் பெரும் தொகையை நட்டமாக எழுதித் தள்ளின.

சரி, எங்கேதான் பிரிப்பது? என் பார்வையில் கம்பனிப் பெயரைப் பார்த்துப் பிரிப்பதில் அர்த்தமில்லை. அந்தக் கம்பனி சட்டத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, காசு யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அமெரிக்காவை எடுங்கள். அங்கே 1970-ன் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையாகத் தடைசெய்த முதலாம் அட்டவணையில், ஹெராயினோடு, வைத்தது. மாநிலங்கள் தனித்தனியாக அனுமதித்தன, கொலராடோவில் 2014 ஜனவரியில் கடைகள் திறந்தன. இப்படி மாநில உரிமத்தில் வளர்த்து விற்கும் கியூராலீஃப், கிரீன் தம்ப், ட்ரூலீவ் போன்ற கம்பனிகள் தங்கள் நாட்டின் பெரிய சந்தைகளில் பட்டியலிட முடியாமல் நம் ஊர்க் கனடியப் பங்குச் சந்தையான சி.எஸ்.ஈ.க்கு வந்தன. ரொறன்ரோ பங்குச் சந்தையும் அப்போது அவர்களை ஏற்கவில்லை. அதனால் அங்கே பட்டியலிட்ட எச்.எம்.எம்.ஜே. என்ற ஈ.ரி.எஃப். அவர்களைத் தொடாமலே "வட அமெரிக்கக் கஞ்சா" என்ற பங்குக் குறியீட்டைப் பின்பற்றி ஓடியது. அமெரிக்காவில் 2020-ல் வந்த எம்.எஸ்.ஓ.எஸ். அந்தப் பங்குகளில் பெரும்பகுதியை நேராக வைத்துக்கொள்ளாமல் வங்கிகளோடு ஸ்வாப் ஒப்பந்தம் போட்டு லாப நட்டத்தை மட்டும் வாங்குகிறது. இந்த இரண்டில் எதை வாங்கச் சொல்கிறீர்கள் என்பதையாவது தெளிவாகச் சொல்லுங்கள்.

அங்கே மாநில எல்லை தாண்டிச் சரக்குப் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனித் தீவு. உரிமங்களை அள்ளிக் கொடுத்த ஓரிகனில் 2019-ல் மாநில அதிகாரிகளே ஆறு ஆண்டுக்கு மேல் போதுமான சரக்கு இருக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். உரிமம் குறைவாகக் கொடுக்கும் மாநிலத்தில் விலை அப்படி இறங்குவதில்லை. பல மாநிலங்களில் கடை வைத்திருக்கும் கம்பனி உண்மையிலேயே கொஞ்சம் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் ஊன்றியிருப்பதற்கு ட்ரூலீவ் உதாரணம். புளோரிடாவில் பெரியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் 2024 நவம்பர் வாக்கெடுப்புக்கு அது 14 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. 56 சதவீதம் ஆதரவு கிடைத்தது, தேவைப்பட்டது 60. மறுநாள் பங்கு சரிந்தது.

வரியும் வேறு மாதிரி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 280ஈ என்ற பிரிவின்படி முதலாம், இரண்டாம் அட்டவணைப் பொருளை விற்பவர் வாடகை, சம்பளம் போன்ற வழமையான செலவுகளைக் கழிக்க முடியாது. நட்டத்தில் ஓடும் கடையும் வருமான வரி கட்டும். வங்குரோத்து ஆனாலும் கூட்டாட்சி வங்குரோத்து நீதிமன்றத்தின் கதவு இவர்களுக்குத் திறக்காது. 2024 மே மாதம் நீதித்துறை கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு இறக்க முன்மொழிந்ததும் எல்லாரும் துள்ளியதற்குக் காரணம் இந்த 280ஈதான். அதில் வேடிக்கை, அந்தச் செய்தி கசிந்த ஏப்ரல் 30 அன்று கனோபியும் டில்ரேயும்கூட எகிறின. கனடாவில் கஞ்சா விற்பவருக்கு அமெரிக்க வரிப் பிரிவால் என்ன லாபம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

செடியைத் தொடாத கம்பனிகள் உண்டு, அவற்றைப் பற்றியும் நீங்கள் அதிகம் பேசுவதில்லை. கஞ்சாப் பண்ணைகளின் கட்டடங்களை வாங்கி அவர்களுக்கே வாடகைக்கு விடும் இன்னொவேட்டிவ் இண்டஸ்ட்ரியல் பிராப்பர்ட்டீஸ் 2016 டிசம்பரில் 20 டொலருக்கு நியூயோர்க் சந்தைக்கு வந்தது, ஒழுங்காக டிவிடெண்ட் கொடுத்தது. ஆனால் 2022-ல் கலிபோர்னியாவின் கிங்ஸ் கார்டன் வாடகையை நிறுத்தியது, 2024 டிசம்பரில் பெரிய வாடகைக்காரரான ஃபார்மாகானும் கட்டத் தவறியது. வீட்டுக்காரர் வேறு, குடியிருப்பவர் வேறு என்று நினைத்தவர்களுக்கு அது பாடம்.

மற்றவற்றிலிருந்து உண்மையிலேயே விலகி நின்றது ஜீ.டபிள்யூ. ஃபார்மா என்ற மருந்துக் கம்பனி. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த வலிப்பு மருந்தான எபிடியோலெக்ஸுக்கு 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி கிடைத்தது. கடை உரிமம், கிராம் விலை, கலால் முத்திரை எதுவும் அதன் பிரச்சினை இல்லை. மருத்துவர் எழுதுகிறார், காப்புறுதி கட்டுகிறது. மேலே சொன்ன அதே 2021 பெப்ரவரியில் ஜாஸ் என்ற மருந்து நிறுவனம் அதைச் சுமார் 720 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

கடைசியாக என் துறை. இந்தப் பங்குகளைப் பெரும்பாலும் ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வாங்கச் சொல்கிறீர்கள், ஏறினால் வரியில்லை என்று. இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறீர்களா? சாதாரணக் கணக்கில் பத்தாயிரம் டொலர் நட்டமானால் வேறு பங்கிலோ நிலத்திலோ வந்த மூலதன லாபத்தோடு அதைக் கழிக்கலாம், மூன்று ஆண்டு பின்னோக்கியும் கொண்டுபோகலாம். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் அந்த நட்டத்தை எங்கும் கழிக்க முடியாது. அதைவிட மோசம், பத்தாயிரம் போட்டு ஆயிரமாகி எடுத்தால் அடுத்த ஆண்டு திரும்பக் கிடைக்கும் ரூம், அதாவது காசு போட அனுமதித்த அளவு, அந்த ஆயிரம்தான், ஒன்பதாயிரம் ரூம் நிரந்தரமாகப் போய்விடும். அமெரிக்க வாடகை நிறுவனத்தின் டிவிடெண்டில் அங்கே பிடிக்கும் 15 சதவீதமும் ரி.எஃப்.எஸ்.ஏ.யில் திரும்பாது; ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் வைத்திருந்தால் பிடிக்கவே மாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் காட்டும் பட்டியலில் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் அது எந்த நாட்டில் விற்கிறது, எந்தச் சந்தையில் நிற்கிறது, செடியைத் தொடுகிறதா, சென்ற மூன்று ஆண்டில் எத்தனை புதுப் பங்கு விட்டது என்று நாலு நிரல் சேருங்கள். ஈ.ரி.எஃப். சொன்னால் அதன் முதல் ஐந்து பங்குகளை வாசித்துக் காட்டுங்கள். இந்தத் துறை முழுவதற்கும் சேர்த்து ஒருவர் மொத்தச் சேமிப்பில் எத்தனை சதவீதம் போடலாம் என்று ஓர் எண்ணைத் துணிந்து சொல்லுங்கள், அந்தப் பங்கை நீங்களும் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஜனவரி முதலாம் திகதி புதிய ரி.எஃப்.எஸ்.ஏ. ரூம் திறக்கும். சனம் காசோடு உங்களிடம் வருவது அப்போதுதான், அதற்கு முன் இதைச் செய்தால் எனக்கும் மார்ச்சில் வேலை குறையும்.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்