முழுத் தங்கம் என்று எழுதாதே

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள தம்பிக்கு,

பழைய மணிக்கூடு சேர்ப்பவர்களுக்குக் காட்டுவதற்காக நீ ரொறன்ரோவில் இருந்து எழுதிய விற்பனை விவரத்தை அக்கா தன் கைப்பேசியில் வாசித்துக் காட்டினாள். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே "முழுத் தங்கத்தாலான சட்டைப்பை மணிக்கூடு" என்று போட்டிருக்கிறாய், அது பிழை. அந்தப் பிழைக்கு நீ பொறுப்பல்ல, ஏனென்றால் நானும் எனக்கு முன் என் அப்பாவும் அப்படிச் சொல்லித்தான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

சென்ற வெள்ளிக்கிழமை, தபாலில் சேர்ப்பதற்கு முன் எடையும் மாற்றும் (தங்கத்தின் தரமும்) எழுதி வாங்கிக்கொள்வோம் என்று அதை நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனேன். பத்தர் மூடியின் மேற்புறத்தை உரைகல்லில் இழுத்தபோது கோடு நல்ல மஞ்சளாகவே விழுந்தது; திராவகம் பட்டும் கலையவில்லை. நான் எழும்ப ஆயத்தமானேன். அவரோ மணிக்கூட்டைத் திருப்பி, சங்கிலி கோக்கும் வளையத்தின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நூறு வருடமாகச் சங்கிலி உராய்ந்து தேய்ந்த அந்த இடத்தில், ஒரு நெல்மணி அளவுக்கு, நிறம் வேறாக இருந்தது. அங்கிருந்து இழுத்த கோட்டின் மேல் ஒரு துளி விட்டதும் அது பச்சையாகப் பொங்கிக் கரைந்துபோய், கல் வெறுங்கல்லாயிற்று. "உள்ளே பித்தளை, ஐயா" என்றார், யாருக்கோ மரணச் செய்தி சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்.

பித்தளைத் தகட்டின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகட்டை வைத்து, மூன்றையும் ஒன்றாக உருளையில் அழுத்தி எடுத்து, அதில் மணிக்கூட்டின் வெளிக்கூடு செய்யும் முறை இது. 1859-இல் ஜேம்ஸ் பாஸ் என்பவர் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இது முலாம் பூசுவதைவிடப் பலமடங்கு தடிப்பானது என்பதால்தான் இத்தனை காலம் நம்மை ஏமாற்றியது. ஏமாற்றியது என்று சொல்வதும் சரியல்ல. பின்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் இருபது வருட உத்தரவாதம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதை நீயும் சிறுவயதில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாய். அது ஓட்டத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் என்று எல்லோரும் நினைத்தோம். உண்மையில், மேலே உள்ள தங்கம் தேய்ந்து பித்தளை தெரியாமல் நிற்கும் காலத்தைத்தான் அது சொல்கிறது. சுத்தத் தங்கத்துக்கு யாராவது வருடக் கணக்கில் உத்தரவாதம் எழுதுவார்களா?

முழுத் தங்கக் கூடாக இருந்தால் அதற்கென்று முத்திரை இருந்திருக்கும். இங்கிலாந்தில் செய்த 18 கரட் கூட்டில் ஒரு கிரீடமும் 18 என்ற எண்ணும், சோதித்த ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்தக் காலத்துச் சுவிஸ் கூட்டில் 18 கரட்டுக்கு ஒரு பெண்ணின் தலையும் 14 கரட்டுக்கு ஓர் அணிலும் பொறித்திருப்பார்கள். நம்முடையதில் இவை எதுவும் இல்லை. நீ மொத்த எடையை எடுத்துப் பதினொரு பவுண் என்று கணக்குப் போட்டதும் அடியோடு தவறு, ஏனென்றால் கூடு தங்கமாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரமும் கண்ணாடியும் முகப்பும் தங்கம் ஆகிவிடாது. 2014-இல் ஜெனீவாவில் ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தருக்காகச் சுவிஸ் நிறுவனமான பட்டெக் பிலிப் செய்த மணிக்கூடு 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு ஏலம் போனதை எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை நம் வீட்டு மணிக்கூட்டோடு சேர்க்காதே.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. எழுபதுகளில், விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில், இந்த மணிக்கூட்டை அடகு வைக்கும்படி அப்பம்மா எவ்வளவோ கேட்டும் உன் அப்பப்பா இணங்கவில்லை. தன் அப்பாவின் இருபத்தைந்து வருட உழைப்புக்கு நிறுவனம் கொடுத்த பரிசை அடகுக் கடையில் வைக்க மாட்டேன் என்றார். அப்பம்மாவின் காப்புகள்தான் போயின; அவை திரும்பி வரவேயில்லை, அந்தக் குறையும் அப்பம்மாவின் மனதை விட்டுப் போகவில்லை. பத்தரிடமிருந்து ஓட்டோவில் திரும்பும்போது எனக்குத் தோன்றியது, அப்பாவுக்கு இது தெரிந்திருக்கலாம். அடகுக்காரன் கல்லில் உரைப்பான் என்பதும், உரைத்தால் பரிசு கொடுத்தவர்களின் தாராளம் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியாதா? பெருமை என்று நான் நினைத்தது வெட்கமாகவும் இருந்திருக்கலாம்.

இனி விற்பனைக்கு வருவோம். கூட்டுக்கு இல்லாத பெருமை இயந்திரத்துக்கு இருக்கிறது. அது மசாசூசெட்ஸின் வால்தம் தொழிற்சாலையில் செய்தது. இரண்டு கோடியைச் சற்றே தாண்டிய அதன் தொடர் எண்ணைப் பார்த்தால் 1910களின் நடுப்பகுதி என்று சொல்லலாம். கூட்டில் உள்ள எண் வேறு, அதை வைத்துக் காலம் கணிக்காதே. அக்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் இயந்திரத்தைத் தனியாகவும் கூட்டைத் தனியாகவும் தெரிந்தெடுத்துச் சேர்த்து வாங்குவார்கள். அச்சுகள் தேயாமல் தாங்கும் பதினைந்து கற்கள், நிக்கல் தகடுகளில் அலையலையாக வரிகள், செக்கனுக்கு ஐந்து துடிப்பு. சேர்ப்பவர்கள் இதற்குத்தான் காசு கொடுப்பார்கள். ஆனாலும் அது அரிய பொருள் அல்ல, வால்தம் இலட்சக்கணக்கில் செய்த வகை. ஏழாம் இலக்கத்தருகே எனாமல் முகப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருப்பதை உன் படத்தில் காணமுடியவில்லை, அதையும் எழுது. நாளொன்றுக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. எண்ணெய் வற்றியிருக்கும், ஆகவே கையில் கிடைத்ததும் ஓட்டிக் காட்டுவதற்காகச் சாவி கொடுக்காதே, அச்சுகள் தேய்ந்துபோகும். மினுக்கவும் வேண்டாம், பின்மூடியில் பூட்டனின் முதலெழுத்துகள் ஏற்கெனவே பாதி அழிந்துவிட்டன.

முதல் வரியை இப்படி மாற்று: "தங்கத் தகடு பொதிந்த கூடு, வளையத்தில் பித்தளை தெரிகிறது." விலை எவ்வளவு இறங்கினாலும் இறங்கட்டும். யாராவது ஏற்கெனவே முற்பணம் தந்திருந்தால், அவர் கேட்குமுன் நீயே திருப்பிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல். மாற்றிய விவரத்தை அக்கா எனக்கு வாசித்துக் காட்டட்டும். அதற்குப் பிறகுதான் பொதியைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவேன்.

அன்புடன்,
அப்பா