ஜாவா மூலநிரலையும் சேர்த்தே நிறுவச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸில் ஜாவா கற்கத் தொடங்குவோருக்காகத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகேயையும் நிரல் எழுத உதவும் செயலியான எக்லிப்ஸையும் நிறுவி முதல் நிரலை ஓட்டிப் பார்ப்பது வரை தெளிவாக விளக்கிவிட்டு, நூலகங்களின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) மூலநிரலை, அதாவது நிரலர்கள் எழுதிய வடிவிலேயே உள்ள நிரலை, இணைப்பது பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிந்துவிட்டது. அனுபவம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் கருதியிருக்கலாம். முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை அது என்பதே என் கருத்து.

லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் ஜேடிகே பொதியை (நிறுவல் தொகுப்பை) நிறுவினால், மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் வரும், மூலநிரல் வராது. அதற்கு ஓபன்ஜேடிகே-17-சோர்ஸ் என்பது போல, பதிப்பு எண்ணுடன் கூடிய தனிப் பொதி உண்டு. மற்றொரு வகையான ஃபெடோராவில் அதன் பெயர் எஸ்ஆர்சி என்று முடியும். இதை அறியாத மாணவர் எக்லிப்ஸில் ஸ்ட்ரிங் என்ற ஜாவா நூலகப் பெயரின் மீது கர்சரை வைத்து எஃப்3 விசையை அழுத்தினால், 'சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்ற அறிவிப்பும் அதன்கீழ் கம்பைலர் மாற்றித் தந்த, புரியாத பைட்கோடும்தான் திரையில் தெரியும். அங்குள்ள 'அட்டாச் சோர்ஸ்' பொத்தானை அழுத்தினால் எக்லிப்ஸ் கோப்பைக் கேட்கும்; கோப்போ கணினியிலேயே இருக்காது. மூலநிரல் கோப்பான எஸ்ஆர்சி.ஜிப்பின் பெயரில், வேறோர் இடத்தைச் சுட்டும் குறியிணைப்பு மட்டும் கிடந்து, அது சுட்டும் கோப்பு இல்லாமல் போவதும் உண்டு. இது புதியவர்களை இன்னும் குழப்பும்.

பொதியை நிறுவிய பிறகும் எக்லிப்ஸ் தானாக விழித்துக்கொள்ளாமல் போகலாம். அந்த ஜேடிகே முன்பே பதிவாகியிருந்தால், பிரிஃபரன்சஸில் ஜாவாவின் கீழுள்ள 'இன்ஸ்டால்டு ஜேஆர்ஈஸ்' பகுதிக்குச் சென்று, அதைத் திருத்தி, எஸ்ஆர்சி.ஜிப் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஜாவா 9 முதல் அந்தக் கோப்பு ஜேடிகே அடைவின் உள்ளே லிப் என்ற துணையடைவுக்கு மாறிவிட்டது என்பதால், பழைய குறிப்புகளைப் பார்த்துத் தேடுவோர் அதை வேறிடத்தில் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஆவணம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உறுப்புகளை வரிசையாக வைக்கும் அர்ரேலிஸ்ட் நிரம்பும்போது எந்த அளவில் விரிவடையும் என்பதை அதன் ஆவணம் வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டிருக்கிறது. மூலநிரலைத் திறந்தால், பழைய கொள்ளளவோடு அதில் பாதியைக் கூட்டும் வரி கண்ணெதிரே நிற்கிறது. உறுப்புகளைப் பெட்டிகளாகப் பிரித்து வைத்து விரைவாகத் தேடித் தரும் ஹேஷ்மேப்பில் இன்னும் சுவையான செய்தி உண்டு. ஒரே பெட்டியில் எட்டு உறுப்புகள் சேரும் வாய்ப்பு, எந்தப் பெட்டி என்று தீர்மானிக்கும் ஹேஷ் எண்கள் நன்றாகப் பரவியிருந்தால், 0.00000006 மட்டுமே என்று பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவு முறையைக் கொண்டு கணக்கிட்டு, அதனால்தான் அந்த எல்லையைத் தொட்ட பிறகு பட்டியலை மரமாக மாற்றுகிறோம் என்று அதை எழுதியவர்களே மூலநிரலுக்குள் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வடிவமைப்பு முடிவின் காரணத்தை இப்படி எழுதியவர் வாயிலாகவே அறியும் வாய்ப்பு எத்தனை பாடநூல்களில் கிடைக்கும்?

பைட்கோடிலிருந்து நிரலை மீட்டுத் தரும் டீகம்பைலர் இதற்கு ஈடாகாது. எக்லிப்ஸைப் போன்ற செயலியான இன்டெல்லிஜே முதலிய கருவிகள் மூலநிரல் கிடைக்காதபோது மீட்ட நிரலைத் தாமாகவே காட்டுவதால், அதுவே மூலம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன குறிப்பு அதில் இருக்காது, ஏனெனில் கம்பைல் செய்யும்போதே குறிப்புகள் அனைத்தும் நீங்கிவிடுகின்றன.

பிற நூலகங்களுக்கு வேலை எளிது. ஜாவா நூலகங்களை இணையத்தில் வழங்கும் மேவன் மையக் களஞ்சியம், நூலகத்தின் ஜார் (ஜாவா கோப்புகளைக் கட்டிய தொகுப்பு) கோப்போடு மூலநிரல் ஜாரையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்பதால், பெரும்பாலான நூலகங்களுக்கு அதை எக்லிப்ஸிலிருந்தே தரவிறக்கிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஓடும் ஜாரும் இணைத்த மூலநிரலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லையெனில், பிழை தேட நிரலை வரிவரியாக ஓட்டிக் காட்டும் டீபக்கர் வெற்று வரியிலோ குறிப்பின் நடுவிலோ போய் நின்று, சரியாக இருக்கும் நிரலையே சந்தேகிக்க வைக்கும்.

ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு அறிவித்து, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் திறந்துவிட்டது ஜேடிகேயின் மூலநிரல். அக்கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், நிறுவ வேண்டிய பொதிகளின் வரிசையில் சோர்ஸ் பொதியையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாவா நிரலர் ஒருவர்