என் படங்களில் இருக்கிறவர்களுக்கு

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி கூடத்தில் நடந்த என் ஓவியக் கண்காட்சி சென்ற வாரம் முடிந்தது. வந்தவர்களில் நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்வி. "எல்லாம் கட்டமும் கோடும் வெள்ளையுமா இருக்கு, ஒரு மனுஷர்கூட இல்லையே?" கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அதற்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் படங்கள் மனிதர்களால் ஆனவை. அவர்களில் பலர் தங்கள் பெயர் எழுத்தில் வருவதை விரும்பவில்லை. அதனால் பெயர் இல்லாமல், ஆனால் அவரவருக்குப் புரிகிற மாதிரி, இந்த நன்றி மடலை எழுதுகிறேன்.

அம்மா, முதலில் உனக்கு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காட்டைத் தாண்டி நீ உப்பு வாரப் போன நாட்களில் பள்ளிக்கூடம் இல்லையென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவாய். விடியுமுன்னே டார்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளைக்கு முன்னால் கண் நிற்காது. என்னை வரப்பில் உட்காரவைத்துவிட்டு நீ இறங்கிவிடுவாய். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாறி, வெயிலில் சுண்டி, மறுபடி மாறி, கடைசிப் பாத்திக்கு வருகிறபோது வேறு நிறமாகியிருக்கும். வானத்தின் நிறத்தில் கிடந்தது பச்சை தட்டும், பிறகு பழுப்பாகும், ஒரு கட்டத்தில் ரோஜா நிறத்துக்கு வந்து நிற்கும். கடும் உப்பிலும் பிழைத்துக் கிடக்கிற டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் சில நுண்ணுயிர்களும்தான் அந்தச் சிவப்பைத் தருகின்றன என்று ரொம்பப் பின்னால் படித்தேன். கண்ணாடி மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். நீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் போமே அளவில் 25ஐ எட்டினால் உப்பு விளையத் தொடங்கும். நீ மானியைத் தொட்டதே இல்லை. காலால் அளைந்துபார்த்து, கண்ணைச் சுருக்கி நிறத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பாய்.

அவசரப்படாமல் ஒரு நிறம் தன் பதத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதை அங்கேதான் படித்தேன். இன்று நான் அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்த பிறகு அடுத்ததைப் பூசி, அடியில் உள்ளது மேலே கசிந்து தெரிகிறவரை விடாமல் பூசிக்கொண்டிருக்கிறேன். ஒரு படத்துக்கு ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று கேட்கிறார்கள். நான் உன் கணக்கில் போகிறேன்.

வெள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். காலையில் அம்பாரத்து உப்பு நீலம் பாய்ந்து தெரியும். உச்சிவெயிலில் நிறமே போய் வெறும் கூச்சம் மட்டும் மிஞ்சும். சாயங்காலம் பனையோலை மூடிய பக்கத்தில் சாம்பலும் மஞ்சளும் கலந்திருக்கும். என் மேசையில் இப்போது டைட்டானியம் வெள்ளையும் சிங்க் வெள்ளையும் இருக்கின்றன. டைட்டானியம் கீழே உள்ளதை அடைத்து மூடிவிடும். சிங்க் கொஞ்சம் ஊடுருவ விடும். எந்த இடத்துக்கு எது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் அந்த அம்பாரம்தான் கண்முன் நிற்கிறது.

அந்த வெள்ளைதான் உன் கண்ணையும் கெடுத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு நீ படுத்துக் கிடந்ததை மறந்துவிட்டு என்னால் வெள்ளைப் பூச்சை எடுக்க முடியாது. யாராவது என் படத்தைப் பார்த்து "எவ்வளவு அமைதியாக இருக்கிறது" என்று சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும். படத்தின் நடுவில் பார்வையை உறுத்துகிற மாதிரி ஒரு பகுதியை எப்போதும் விட்டுவைக்கிறேன். வாங்க வந்தவர் ஒருவர் அதைக் கொஞ்சம் தணித்துத் தர முடியுமா என்று கேட்டார். தரவில்லை. அது உன்னுடையது அம்மா.

அம்மாவோடு வேலை பார்த்த சித்திமாருக்கும் அக்காமாருக்கும். பருவம் தொடங்குமுன் வரிசையாக நின்று பாத்தியின் களிமண் தரையை மிதித்து மிதித்து இறுக்குவீர்களே, அந்தத் தரைதான் என் கித்தானின் அடிப்பூச்சு. சுண்ணக்கல் பொடியை பைண்டரில் குழைத்துப் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, அது கெட்டிப்பட்ட பிறகுதான் நிறத்தைத் தொடுகிறேன். வாருபலகையை நீங்கள் இழுத்தபோது விழுந்த தடங்கள் என் எல்லாப் படங்களிலும் இருக்கின்றன. ரப்பர் தகட்டால் ஈரப் பூச்சை ஒரே இழுப்பில் வழித்தெடுக்கும்போது என் தோள் அசைகிற விதம் உங்களிடமிருந்து வந்தது. கண்காட்சிக்கு வந்த விமர்சகர் ஒருவர் அந்தக் கோடுகளில் ஜப்பானியச் சாயல் இருப்பதாக எழுதியிருந்தார். அவர் அன்போடுதான் எழுதினார். ஆனால் அது முள்ளக்காட்டுச் சாயல்.

பேருந்து நிலையத்துப் பக்கம் போர்டு எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு. பிளெக்ஸ் பேனர் வந்து உங்கள் தொழிலை அடித்துச் சாய்க்கும்முன் சில வருடங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் கடைக்கு ஓடி வந்திருக்கிறேன். பெண்பிள்ளை இங்கே என்ன செய்கிறது என்று கேட்டவர்களிடம் "தொழில் படிக்கி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். நூலில் நீலப்பொடி தடவி, இருபுறமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் ஒரு கோடு விழும். அதைவிட நேரான கோட்டை நான் இன்றுவரை வரைந்ததில்லை. என் பெரிய படங்களில் கட்டம் பிரிக்க இப்போதும் அதே நூல், அதே நீலப்பொடிதான். அந்த நீலத்தைச் சில இடங்களில் அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். "எழுத்தப் பாக்காதட்டி, எழுத்துக்கு நடுவுல கிடக்க காலி இடத்தப் பாரு, அது ஒழுங்கா இருந்தா எழுத்து தானா நிக்கும்" என்று சொன்னீர்கள். கல்லூரியில் இதையே வேறு சொற்களில் ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை. மிச்ச எனாமல் டின்களைக் கழுவாமல் எனக்கென்று எடுத்துவைத்ததற்கும் நன்றி அண்ணாச்சி. என் முதல் நிறங்கள் அவை.

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு. ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்த காலத்தில், நீங்கள் மத்தியான இடைவேளையில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். பழைய சிற்றிதழ்களின் அட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தீர்கள். கே. எம். ஆதிமூலத்தின் கோடுகளை அதில்தான் முதலில் பார்த்தேன். திருச்சி மாவட்டத்துக் கிராமத்தில் 1938இல் பிறந்த ஒருவர், காந்தியைக் கறுப்பு மையில் வரைந்து வரைந்து பேர் வாங்கியவர், பிறகு உருவங்களையெல்லாம் விட்டுவிட்டு நிலத்தையும் வெளிச்சத்தையும் வெறும் நிறமாகப் பூசினார் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய ஆச்சரியம். மனிதரை அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவர் ஏன் அதை விட்டார் என்று கேட்டேன். "பெரிய படத்த நேர்ல பாரு, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அதற்காகவே எங்களைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனீர்கள். எங்களூருக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். அங்கே அருங்காட்சியக வளாகத்தில் கே. சி. எஸ். பணிக்கர் படங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு முன்னால் நான் நகராமல் நின்றேன். ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், எழுத்து மாதிரி இருந்தும் வாசிக்க முடியாத எழுத்துகள். அண்ணாச்சியின் சுவர் அங்கே வந்து நிற்கிறதே என்று தோன்றியது. நம்மைச் சுற்றிக் கிடப்பதைக்கொண்டே இப்படி ஒன்றைச் செய்யலாம் என்ற தைரியம் அன்றைக்கு வந்தது. அந்தப் பயணத்துக்கு நீங்கள் சொந்தக் காசைப் போட்டீர்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

சென்னைக் கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதில் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத வேண்டியதில்லை. தன் சீட்டுப் பணத்தை முழுதாக எடுத்துக் கையில் கொடுத்து, "படிக்கட்டும், கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று அப்பாவிடம் பேசிய அத்தைக்கு நன்றி. அத்தை, நீங்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால் இந்த மடலே இல்லை.

கல்லூரியில் எனக்கு வகுப்பெடுத்த பேராசிரியர்களுக்கு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌதுரி, பணிக்கர், சிற்பி தனபால் என்று பெரியவர்கள் முதல்வராக இருந்த இடம். அந்தப் பெருமை தலைக்கு ஏறாமல் எங்களை வரைய வைத்தீர்கள். ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். உப்பளத்தில் பெண்கள் வேலை செய்கிற படங்களை நான் வரைந்து வரைந்து கொண்டுவந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். நீங்கள் பாராட்டவில்லை. போட்டோக்களை ஓரமாக வைத்துவிட்டு நினைவிலிருந்து அதே படத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தானாகக் கழன்று போனது. முதலில் முகங்கள் போயின, பிறகு சேலைகளின் பூ, பிறகு உடல்கள். அசைவும் வெளிச்சமும் வரப்பும் மட்டும் போக மறுத்தன. "போகாம நிக்கிறதுதான் உன்னோடது" என்றீர்கள் சார். அதற்கப்புறம் நான் உருவம் வரையவில்லை.

நேரில் பேசியிராத சிலருக்கும் நான் கடன்பட்டவள். அவர்களுடைய படங்களே எனக்கு ஆசிரியர்கள். வி. எஸ். கைத்தொண்டே உருளையாலும் கத்தியாலும் பூசி, வழித்து, மெலிந்த அடுக்குகளாக எழுப்பிய படங்களைப் பார்த்த பிறகுதான் தூரிகையைக் கீழே வைக்கலாம் என்று புரிந்தது. நஸ்ரீன் மொஹமதியின் மெல்லிய மைக்கோடுகள் எனக்கு இன்னொரு விதமான துணை. 1990இல், ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோன அந்தப் பெண், காகிதத்தில் கோட்டைத் தவிர எதுவும் வைக்காமல் ஒரு முழு உலகத்தை நிறுத்தியிருக்கிறார். அச்சுதன் கூடல்லூரை எப்படிச் சொல்வது? பொதுப்பணித் துறையில் பொறியியல் வேலை பார்த்துக்கொண்டு, மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரத்தில் வரையக் கற்று, நிறத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர். வேலைக்குப் போகிற ஓவியர் அரை ஓவியர் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவருடைய சிவப்புகளை நினைத்துக்கொள்வேன். 2022இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று எதையும் தொட முடியவில்லை.

பிழைப்புக்கான வேலையும் ஓவியமும் சேர்ந்தே நடக்கலாம் என்பதை எனக்கு ஒரு ஊராகக் காட்டியது ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தோழர்களும் கைவினைப் பொருள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கிய ஓவியர் கிராமம். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றி விற்பதும் கித்தானில் வரைவதும் ஒரே கைகளால் நடந்த இடம். படிப்பு முடிந்து நான் பள்ளி ஆசிரியையாகப் போனபோது மனம் சோராமல் இருந்ததற்கு அந்த மணலில் நடந்த ஞாயிற்றுக்கிழமைகள் காரணம்.

சட்டம் அடித்துத் தரும் பாய்க்கு. ஈர மரத்தில் அடித்த சட்டம் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லி, மரம் காய்கிறவரை என்னைக் காக்கவைப்பீர்கள். அப்போது பொறுமையில்லாமல் நின்றிருக்கிறேன். இன்று ஒரு படமும் கோணவில்லை. பெயிண்ட் கடை முதலாளி அம்மாவுக்கு, மாதக் கடைசியில் நான் கேட்காமலே நோட்டில் எழுதிக்கொண்டு குழாய்களைக் கொடுத்துவிட்டதற்கு. என் மாணவிகளுக்கும் நன்றி. உங்கள் கையில் பயம் இல்லை, அதைப் பார்த்துப் பார்த்து என் கையும் கொஞ்சம் தேறியது.

என் மாமியாருக்கு. வீட்டில் வெளிச்சம் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான், அது உங்களுடையது. கட்டிலை நீங்களே நடைக்கு மாற்றிக்கொண்டு, "அவளுக்கு வெளிச்சம் வேணும்லா" என்று உறவுக்காரர்களிடம் சொன்னீர்கள். என் படங்கள் உங்களுக்குப் பிடிக்குமா என்று இதுவரை நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அத்தை, அந்த அறையில் பிறந்தவை அத்தனையும். என் கணவருக்கு நன்றி சொன்னால் அவர் கூச்சப்படுவார். ஈரப் படங்களை இரவோடு இரவாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர், அவ்வளவு மட்டும் எழுதுகிறேன்.

கண்காட்சியின் கடைசி நாள் அம்மா வந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய படத்துக்கு முன்னால் வந்ததும் கிட்டப்போய் ஒரு மூலையைக் காட்டி, "இந்த வரப்பு இப்படி இருந்தா தண்ணி நிக்காது, மடை இந்தப் பக்கம்லா இருக்கணும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். பத்திரிகையில் வந்த எந்த வரியும் அந்த மூலையை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. அம்மா சொன்னது சரிதான், அந்தக் கட்டத்தில் பார்வை தேங்காமல் வழிந்து ஓடிவிடுகிறது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதும் அந்த மூலையைத் திரும்ப எடுத்துப் பூசத் தொடங்கிவிட்டேன்.

இந்தப் படங்களை அடுத்து தூத்துக்குடிக்குக் கொண்டுவருகிறேன். மழை தொடங்கி உப்பு வேலை நிற்கிற மாதத்தில்தான் வைக்கப்போகிறேன், அப்போதுதான் சித்திமாரும் அக்காமாரும் கூலியை விடாமல் வர முடியும். இடம் முடிவானதும் வீடு வீடாக வந்து சொல்கிறேன். அண்ணாச்சி, வாசலுக்கு ஒரு போர்டு வேண்டும். பிளெக்ஸ் வேண்டாம், பலகையில், உங்கள் கையால் எழுதித் தாருங்கள்.