காதால் வைக்கும் ரைமிங் போதாது

ஆசிரியருக்கு,

வீட்டிலே கிற் கார் (பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டும் கார்) கட்டுபவர்களுக்காக உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த ஆலோசனையைப் படித்தேன். டிஸ்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) தளர்த்தி, என்ஜின் ஆகக் கூடிய வேகத்தில் ஓடும் இடத்துக்குத் திருப்பி, ஒரு நூல் பின்னுக்கு எடுத்து இறுக்கினால் ரைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், சரி, ஊரில் மொறிஸ் மைனருக்கு இப்படித்தானே செய்தோம் என்று அதை எழுதியவர் சொல்லியிருந்தார். மொறிஸ் மைனருக்குச் சரி. நடுவில் என்ஜின் வைத்த காருக்கு இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை பழகியவன்தான். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சின்னப் போத்தலால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (நேரத்துக்கு முன் தானே பற்றாமல் தாங்கும் அளவு) குறைவு, என்ஜின் தட்டும். ரைமிங்கைப் பின்னுக்கு வைத்து, அதாவது பொறியைப் பிந்தி விழ வைத்து, சமாளித்தோம். காதுதான் கருவி. ஆனால் அந்தக் காலத்துக் கே.கே.எஸ். வீதியில் யார் 70 மைல் வேகத்தில் போனார்கள்?

இப்போது என்னிடம் இருப்பது ஒரு பழைய ஜி.ரி.எம். கிற் கார். இங்கிலாந்தில் ஸ்டொக்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஹேசல் குரோவில் பிறந்து, 1967இல் வெளிவந்த கார். மினியின் முன்பக்க சப்ஃபிரேமை (என்ஜினைத் தாங்கும் சட்டம்) என்ஜின், கியர்பொக்ஸோடு அப்படியே தூக்கி ஆசனங்களுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே ஏ சீரிஸ் குடும்பத்து என்ஜின்தான். அதனால்தான் பலருக்கு இந்த மயக்கம்.

ஐட்லிங்கில் எந்த என்ஜினும் ரைமிங்கை முன்னுக்குத் தள்ளத் தள்ள வேகமெடுக்கும். அங்கே காது சொல்லும் இடம் பெரும்பாலும் கூடிப்போன இடம். அதற்கு மேல், வேகம் ஏற ஏற டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக் குண்டுகள் விரிந்து இன்னும் முன்னுக்குத் தள்ளும். பிஸ்ரனை ஓட்டையாக்குவது நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேலே பொறி எவ்வளவு முந்தி விழுகிறது என்ற மொத்தக் கணக்குத்தான். ஏ சீரிஸுக்கு அது சுமார் 30 முதல் 32 பாகை. இதைக் காதால் அளக்க முடியாது. சுமை ஏறும்போதுதான் என்ஜின் தட்டும். அந்த நேரம் பார்த்து காபரேற்றரும் எக்ஸோஸ்றும் உங்கள் பிடரிக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும். மினியில் கேட்கிற தட்டல் இதில் கேட்காது.

ஆகவே ஸ்ரோப் லைற் (ஒவ்வொரு பொறிக்கும் ஒருதடவை மின்னும் விளக்கு) வாங்குங்கள். முதலில் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) ஆக்குங்கள். அதைப் பிறகு மாற்றினால் ரைமிங்கும் மாறிவிடும். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வக்கூம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள். பழைய மினி என்ஜின்களில் ரைமிங் குறி இருப்பது பிளைவீலில். கிளச் ஹவுசிங்கின் மேல் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே கைக்கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க வேண்டும். குறியில் வெள்ளைப் பெயின்ற் ஒரு பொட்டு வைத்தால் கண்ணுக்கு ஆறுதல். அக்சிலேற்றர் பெடல் முன்னால், குறி பின்னால். ஒரு ஆள் கூட வேண்டும், இல்லாவிட்டால் காபரேற்றர் லீவரைக் கையால் இழுங்கள். குறி கீழே பெல்ற் பக்கத்துக் கப்பியில் (pulley) இருக்கும் என்ஜின் என்றால் இன்னும் கவனம்: ஸ்ரோப் வெளிச்சத்தில் ஓடுகிற கப்பி அசையாமல் நிற்பது போலத் தெரியும். விரலை நீட்டிவிடாதீர்கள்.

புத்தகத்தில் உள்ள எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அவை ஈயம் கலந்த நாலு ஸ்டார் பெற்றோலுக்கு, அதாவது 97 ஒக்ரேனுக்கு எழுதப்பட்டவை. அந்தப் பெற்றோல் பிரித்தானியாவில் 2000இல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. இன்று பம்பில் சாதாரணமாகக் கிடைப்பது எத்தனோல் கலந்த 95. விலையைப் பார்க்காமல் சுப்பர் (ஒக்ரேன் கூடிய பெற்றோல்) அடியுங்கள், இல்லாவிட்டால் ஓரிரு பாகை பின்னுக்கு வையுங்கள். கம்பிரஷன் கூட்டிய 1275 சி.சி. என்ஜின் என்றால் எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை.

அப்புறம், கிளாம்பை இறுக்கும்போது டிஸ்ரிபியூட்டர் கொஞ்சம் அசையும். இறுக்கிய பிறகு இன்னொரு தடவை லைற்றைப் பிடித்துப் பார்க்கும்படி அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய கராஜ்காரன்
ஹரோ, லண்டன்