விடையை அடுத்த ஞாயிறு அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் துப்பறியும் சிறுகதைகள் பற்றி ஒரு வேண்டுகோள். குற்றவாளி யார் என்று சொல்லும் கடைசிப் பகுதியை அதே இதழில் போடாமல் அடுத்த ஞாயிறு போடுங்கள். இடையில் இருக்கும் ஆறு நாளில் வாசகர் தாமே யோசித்துப் பார்க்கட்டும். விடையைப் பிரித்து வைப்பதென்றால், விடைக்கு வேண்டிய துப்பு எல்லாம் முன்பகுதியிலேயே இருந்தாக வேண்டும். இப்போது வரும் கதைகளில் அது இருப்பதில்லை.

பங்களாவில் பணக்காரர் ஒருவர் இறந்து கிடக்கிறார். நாலு பேர் மேல் சந்தேகம். கடைசிப் பத்தியில் இன்ஸ்பெக்டர், "உங்கள் அலமாரியில் இருந்த ரசீதுதான் காட்டிக்கொடுத்தது" என்கிறார். அந்த ரசீது அதுவரை கதையில் எங்குமே வரவில்லை. பிரிட்டிஷ் துப்பறியும் நாவலிலிருந்து பங்களாவையும் மழை இரவையும் எடுத்துக்கொண்டோம், அதன் கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியம் அல்ல. ரோனல்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரே துப்பறியும் நாவல் எழுதியவர், 1929இல் பத்து விதிகளாக அதை எழுதிவைத்தார். துப்பறிபவர் கண்ணில் படுவது அப்போதே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது. இரட்டையர் வருவதானால் முன்கூட்டியே வாசகருக்குக் கோடி காட்ட வேண்டும். தற்செயலாக எதுவும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது. துப்பறியும் கதை எழுத்தாளர்கள் 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் செஸ்டர்டன், அகதா கிறிஸ்டி, டாரதி சேயர்ஸ் போன்றோர் உறுப்பினர். முக்கியத் துப்பு எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழி சொல்லித்தான் அதில் சேர வேண்டும். தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு எல்லாமே தற்செயலாகத்தான் கூடிவருகிறது என்று வாசகர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அது நகைச்சுவைக் கதை. அந்தத் தற்செயலே அங்கே விருந்து. கொலையாளி யார் என்று வாசகரைக் கேட்கும் கதைக்கு அந்தச் சலுகை கிடையாது.

துப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றிய 1927ஆம் ஆண்டுச் சிறுகதையை எடுத்துக்கொள்கிறேன். படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். மனைவி விஷத்தால் இறந்திருக்கிறார். கணவன் எழுதிய கடிதத்தின் சில சொற்கள் மையொற்றுத் தாளில் பதிந்திருக்கின்றன: மனைவி இறந்தபின், ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ். நூறும் ஆயிரமும் என்று படித்து, பணத்தைத்தான் சொல்கிறான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த வழக்கைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்பவர் ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர். பின்னிக்கொண்டே கேட்ட கிழவிக்கு மட்டும் புரிகிறது: டிரைஃபிள் என்ற இனிப்பின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிக்கும் அங்கே அதே பெயர். விஷம் அந்தத் தூவலில் இருந்தது. இராச் சாப்பாட்டில் டிரைஃபிள் இருந்தது என்பது கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

இதை அப்படியே மொழிபெயர்த்தால் துப்பு செத்துவிடும். 'நூறும் ஆயிரமும்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அதில் பணம் மட்டுமே தெரியும். அடிக்குறிப்பு போட்டால் விடையே வெளியாகிவிடும். எனவே மொழிபெயர்ப்பதைவிட, நம் பேச்சிலேயே இப்படி இரு முகம் காட்டும் சொல்லைத் தேட வேண்டும். மலேசியத் தமிழில் அதற்குக் குறைவில்லை. கிழிந்த தாளில் 'வெள்ளி தவறக் கூடாது' என்று இருக்கட்டும். இங்கே ரிங்கிட்டையும் வெள்ளி என்போம்; யார் படித்தாலும் பணம் என்பார்கள், ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரின் மிரட்டல் என்பார்கள். அந்த வீட்டம்மா வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர் என்று தெரிந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மட்டும் வேறு பொருள் தோன்றும். இன்னொன்று: "அண்ணன் பசியாறிட்டுத்தான் கிளம்பினார்" என்று சாட்சி சொல்கிறார். நமக்கு அது காலைச் சாப்பாடு. போலீஸ் வாக்குமூலத்தில் அது மலாயில் வெறும் 'மாக்கான்' (சாப்பிடுதல்) ஆகிவிட்டால், காலை என்ற செய்தி அங்கேயே விழுந்துவிடும். போலீசுக்குக் கிட்டாத ஒன்று நம் ஆளுக்கு ஏன் கிட்டியது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடைப்பது அரிது.

அந்தக் கேள்விதான் இந்த வகைக் கதைக்கு உயிர்நிலை. சம்பளம் வாங்காத ஒருவருக்குக் கொலை விசாரணையில் என்ன வேலை? இங்கிலாந்து நாவலாசிரியர்களுக்கு அவர்கள் ஊர் ஏற்பாடே வாசலைத் திறந்துவைத்திருந்தது. மரண விசாரணையை ஊர்க் கூடத்திலோ விடுதியிலோ பொதுமக்கள் முன்னிலையில் நடத்துவார்கள். மருத்துவர் சொல்வதையும் வேலைக்காரி சொல்வதையும் பாதிரியார் வீட்டுக் கிழவியும் உட்கார்ந்து கேட்கலாம். அந்த விசாரணையில் பொதுமக்களே உட்காரும் ஜூரி, கொலையாளியின் பெயரையே சொல்லித் தீர்ப்பளிக்க முடிந்தது. 1977இல்தான் சட்டம் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. இங்கே கதை எழுதுபவர் ஒன்றை மறக்கக் கூடாது: நம் நாட்டில் 1995இலிருந்து ஜூரி முறையே இல்லை. இன்றைய கோலாலம்பூர் நீதிமன்றக் காட்சியில் ஜூரியைக் கொண்டுவந்தால் அதற்குப்பின் எழுதிய எதையும் வாசகர் நம்பமாட்டார்.

சிற்றூர்க்காரர் கண் எப்படி வேலை செய்யும் என்பதற்குக் கற்பனையே வேண்டாம். வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்ற சிறு ஊர். 1921இல் ஆம்ஸ்ட்ராங் என்ற வழக்கறிஞர், தொழில் போட்டியாளரான மார்ட்டின் என்பவரைத் தேநீருக்கு அழைத்தார். வீடு திரும்பிய மார்ட்டின் கடுமையான வாந்தியில் விழுந்தார். மருத்துவருக்கு முதலில் பித்தக் கோளாறாகவே பட்டது. சந்தேகப்பட்டவர் ஊர் மருந்துக் கடைக்காரர். அவர் மார்ட்டினின் மாமனார். ஆம்ஸ்ட்ராங்குக்குக் களை கொல்ல ஆர்சனிக் விற்றவரும் அவரே. அவர் சொன்னபின் மருத்துவர் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்; ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. சில மாதம் முன்பு இறந்த ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியைத் தோண்டியெடுத்துப் பார்த்தார்கள். அவர் உடலிலும் ஆர்சனிக். 1922 மே மாதம் ஆம்ஸ்ட்ராங்கைத் தூக்கிலிட்டார்கள். ஆர்சனிக் வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், சில்லறையாக விற்பதில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்து நிறம் காட்ட வேண்டும் என்பது 1851ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கால நாவல்களில் விஷப் பதிவேடு அடிக்கடி வருவது இதனால்தான்.

நம்மிடம் அப்படிப்பட்ட பதிவேடுகள் இல்லையா? ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு; யார் வந்தார், யார் வரவில்லை என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிக்கிறார். குழந்தையை யார் எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பது ஆயாக்கொட்டகையில் தெரியும். பால் எவ்வளவு என்பது ஸ்டோர் தராசில் ஏறுகிறது. இங்கிலாந்து நாவலாசிரியர்கள் ரயில் அட்டவணையை வைத்துச் செய்ததை நாம் பால்மரத்தை வைத்தே செய்யலாம்.

நிரையில், அதாவது ரப்பர் மர வரிசையில், ஒருவர் இறந்து கிடக்கிறார். அவர் பங்கு 450 மரம். அதை வெட்டி முடிக்க மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மரத்துக்கு ஏறத்தாழ 28 விநாடி. காலை ஆறரைக்குத் தொடங்கியவர் 150ஆவது மரத்தோடு நின்றிருந்தால், 70 நிமிடம் வேலை செய்திருக்கிறார்; மணி ஏழு நாற்பது. "ஒன்பது மணிக்கு வெட்டிக்கொண்டிருந்தார், பேசிவிட்டு வந்தேன்" என்பவர் பொய் சொல்கிறார். டவுனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்ப்பார். பால்வெட்டும் அம்மா மரத்தைப் பார்ப்பார்.

இதில் எழுத்தாளர் சறுக்கக்கூடிய இடங்களும் உண்டு. மழை நாளில் வெட்டு இருக்காது. மரத்துப் பால் வடியும் கிண்ணமான மங்கில் தண்ணீர் விழுந்து பால் வீணாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் தோட்டத்தில் நேற்றைய பங்கை இன்றைய பங்கோடு குழப்பிவிடக் கூடாது. மரத்தில் இருப்பது புதுக் காயமா பழைய காயமா என்பதற்கு ஒட்டுப்பால் சாட்சி: வெட்டுமுன் பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவார்கள். 150 மரத்தின் ஒட்டுப்பால் இருந்தால் பை லேசாகத்தான் இருக்கும். எடுக்காமல் விட்ட பால் மங்கிலேயே கட்டிப்பாலாகிவிடும்.

இந்தத் துப்பை எங்கே ஒளிப்பது? இறந்தவரின் மனைவி அழுகையினூடே புலம்பும் நீண்ட பட்டியலின் நடுவில். சம்பளப் பாக்கி, மகனின் பள்ளிக் கட்டணம், பையில் பாதி ஒட்டுப்பால்கூட இல்லை, கூரை ஒழுகுகிறது, மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த வரியிலேயே மைத்துனர் சண்டைக்கு வர வேண்டும். வாசகரின் கவனம் சண்டைக்குப் போய்விடும். ஆனால் ஒட்டுப்பாலை அவர் படித்தாயிற்று. பட்டியலின் முதலிலோ கடைசியிலோ வைத்தால் அது துருத்திக்கொண்டு நிற்கும். "ஏனோ அந்தப் பை அவர் மனத்தை உறுத்தியது" என்று எழுதவே கூடாது. அது விரல் நீட்டிக் காட்டுவதாகும். நேரம் பற்றிய கேள்வி எழுமுன்பே துப்பு வந்துவிடுவது இன்னும் நல்லது.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் விடைப் பகுதியை எழுதுங்கள். பிறகு கொலை நாளுக்கு ஒரு நேர அட்டவணை: யார், எங்கே, எத்தனை மணிக்கு. ஞாயிறு பக்கத்தில் அடங்கும் கதைக்குச் சந்தேகப்பட நாலு பேர், துப்பு மூன்று போதும். அதற்கு மேல் போனால் பெயர்களையே வாசகர் மறந்துவிடுவார். குற்றவாளி கதையின் முதல் கால்பகுதிக்குள் பேசியிருக்க வேண்டும். நாலு அறை விட்டவுடன் ஒப்புக்கொள்ளும் முடிவு, விடை தெரியாத எழுத்தாளரின் முடிவு.

நகரத்துக் கதைக்கும் பொருள் இருக்கிறது. அடுக்குமாடிக் காவல் சாவடியின் வருகைப் பதிவேடு, கோவில் அர்ச்சனைச் சீட்டின் வரிசை எண். "காலை ஏழு மணிக்கே கோவிலில் இருந்தேன்" என்பவரின் சீட்டு எண், ஒன்பது மணிக்கு வாங்கியவரின் எண்ணுக்குப் பின்னால் வந்தால்? பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதற்கு முந்தைய கதையில் தீவிலிருந்து பட்டர்வொர்த் போக ஃபெரியைத்தான் நம்ப வேண்டும். ஃபெரியைத் தவறவிட்டவர் அடுத்தது வரும்வரை தீவில்தான்.

விஷம் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக் களைக்கொல்லியான பாராகுவாட்டைக் கோப்பியில் கலந்து கொடுப்பதாகவும், குடித்தவர் அங்கேயே சுருண்டு விழுவதாகவும் எழுதுகிறார்கள். அது 1.1.2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்றே நிறமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்க்கப்பட்டது. குடித்த நிமிடமே உயிர் போவதும் இல்லை. தயவுசெய்து அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.

இனி என் வேண்டுகோளின் நடைமுறை. துப்பறிபவர் எல்லாரையும் கூடத்துக்கு அழைக்கும் வரியோடு கதையை வெட்டுங்கள். வாசகர் எழுதி அனுப்பும் விடையில் குற்றவாளியின் பெயர் மட்டும் போதாது. எந்த வரியை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதும் வேண்டும். பெயரை நாலில் ஒன்றாக யாரும் ஊகித்துவிடலாம். கதை அனுப்பும் எழுத்தாளரிடமும் ஒரு தனித்தாள் கேளுங்கள்: ஒவ்வொரு துப்பும் முன்பகுதியில் எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று அதில் அவர் எழுதித் தரட்டும். எழுதித் தர முடியாத கதையை அவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு